ஹெட் கேஸ்கட்டுக்காகப் பதினொரு நாட்கள்: ஒரு மெக்கானிக் ஷெட்டும் ஒரு லேத் பட்டறையும்

மே மாதம் மூன்றாம் வாரம், பகல் ஒரு மணி வெயிலில், மெட்ரோ பணிகளுக்காகக் குறுக்கப்பட்ட சென்னை ஆற்காடு சாலையில் அரை மணி நேரமாக ஊர்ந்துகொண்டிருந்தபோது, எங்கள் காரின் வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. 2009ஆம் ஆண்டு பதிவான ஹூண்டாய் சான்ட்ரோ ஸிங் அது, 1,086 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஓடியது 1,12,000 கிலோமீட்டர். இடமும் வலமும் வண்டிகள் நெருக்கி நின்றதால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவதற்குள் நான்கைந்து நிமிடங்கள் கழிந்துவிட்டன. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போனது அந்த நேரத்தில்தான் என்பது பிறகு தெரிந்தது. அதைச் சரிசெய்ய 24,500 ரூபாயும் பதினொரு நாட்களும் ஆயின. வேலையைச் செய்து கொடுத்தவை வளசரவாக்கத்தில் உள்ள ஒரு சிறிய மெக்கானிக் ஷெட்டும், ஹெட் வேலைக்காக அந்த ஷெட் நம்பியிருக்கும் அம்பத்தூர்ப் பக்கத்து லேத் பட்டறையும். ஒரே நேரத்தில் இரண்டு ஹெட் வேலைக்கு மேல் எடுக்க இடமில்லை என்பதால் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டாம் என்று ஷெட் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே செய்த வேலையை மட்டும் இங்கே எழுதுகிறேன். இத்தகைய பழுதோடு எந்தக் கடைக்குச் செல்பவருக்கும் அது உதவக்கூடும்.

வண்டியை முதலில் இழுத்துச் சென்றது ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்துக்கு. பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் பார்த்தார்கள்; எந்த மானியையும் பொருத்தவில்லை, எதையும் கழற்றவும் இல்லை; எஞ்சினையே மாற்றிவிடுவது நல்லது என்று சொல்லி எழுபதாயிரத்துக்கு மேல் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள். பதினைந்து ஆண்டு முடிந்து, மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்த வண்டிக்கு அவ்வளவு செலவழிப்பதை விட விற்றுவிடலாம் என்றே வீட்டில் பேச்சு எழுந்தது. அடுத்த தெருக்காரர் ஒருவர் சொல்லித்தான் இந்த ஷெட்டுக்கு வந்தோம். தகரக் கூரை, வேப்பமரம் ஒன்று, உரிமையாளரோடு இரண்டு பையன்கள். உட்கார ஒரு நாற்காலி கூடக் கிடையாது.

அங்கே நடந்த முதல் வேலை சோதனைதான். ஆயில் மூடியைத் திறந்து பார்த்து, அடியில் வெண்ணெய் போல ஏதும் படிந்திருந்தால் கேஸ்கட் போய்விட்டது, இல்லாவிட்டால் போகவில்லை என்று தீர்ப்புச் சொல்பவர்களே நம்மிடையே அதிகம். எங்கள் வண்டியின் மூடி சுத்தமாக இருந்தது. ஆயிலும் தன் நிறத்திலேயே இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. எஞ்சின் ஆறியிருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கொதிப்பதற்கு முன்னாலேயே கழுத்துப் பகுதியில் குமிழிகள் இடைவிடாமல் வந்தன. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அந்த வாயின் மேல் நீல நிறத் திரவம் ஊற்றிய ஒரு கண்ணாடிக் குழாயை அழுத்தி வைத்து, ரேடியேட்டருக்குள் இருந்த காற்றை ரப்பர்ப் பந்தால் உறிஞ்சி அத்திரவத்தின் வழியே செலுத்தினார். ஏழெட்டு முறை அழுத்துவதற்குள் நீலம் பாசி நிறமாகிப் பின் மஞ்சளாயிற்று. எரிந்த வாயுவில் உள்ள கரியமில வாயு கூலன்டில் கலந்தால்தான் அத்திரவம் நிறம் மாறும் என்பதால் அதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை. இருந்தும் நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (உள்ளே எழும் அழுத்தத்தை) அளந்து ஒரு அட்டையில் எழுதினார்: ஓரத்தில் இருந்த இரண்டும் 170 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டின. நடுவில் இருந்த இரண்டும் நூறைத் தாண்டவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே இறங்கியிருந்தால், அவற்றுக்கு இடைப்பட்ட சுவரின் மேல் கேஸ்கட் எரிந்துவிட்டது என்று பொருள்.

மறுநாள் ஹெட்டை இறக்கியபோது அந்த எண்கள் காட்டியபடியே இருந்தது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கட்டின் விளிம்பு சுண்டுவிரல் நக அகலத்துக்குக் கருகி உதிர்ந்திருந்தது. அங்கிருந்து நீர்வழி ஒன்றை நோக்கி ஒரு கரிய கோடு ஓடியது. ஹெட் போல்ட்டுகளை அவர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்திக் கழற்றியதைக் கவனித்தேன். சூடாக இருக்கும்போதோ வரிசை பார்க்காமலோ கழற்றினாலே வளைந்துவிடும் ஹெட்டுகள் உண்டு.

பலரும் கேஸ்கட்டைத்தான் குற்றவாளியாகப் பார்க்கிறார்கள். உண்மையில் கெட்டுப்போவது பெரும்பாலும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஹெட்தான். எங்கள் வண்டி போன்ற எஞ்சின்களில் ஹெட் அலுமினியம், கீழே உள்ள பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மேலே விரிய முனையும் உலோகத்தைப் போல்ட்டுகள் விடாமல் பிடித்திருக்க, சூடு அளவுக்கு மீறும்போது அது வேறு வழியின்றி வில்லாக வளைகிறது. ஆறிய பிறகு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கழுவித் துடைத்த ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் முகத்தின் மேல் ஒரு எஃகு மட்டக் கோலை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். இத்தகைய சிறிய ஹெட்டுகளுக்குப் பொதுவாக 0.05 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் 0.12 மி.மீ. தகடு உரசாமல் உள்ளே போனது. அவர் அந்தத் தகட்டை என் கையில் கொடுத்து என்னையே நுழைத்துப் பார்க்கச் சொன்னார். செய்தித்தாளின் தாளை விடச் சற்றே தடித்த அந்த இடைவெளிதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம் என்பதை எவ்வளவு விளக்கிச் சொன்னாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

பிளாக்கின் முகத்தையும் அவர் அதே கோலால் அளந்தார், அது 0.03 மி.மீ.க்குள் இருந்ததால் தொடத் தேவையில்லை என்றார். ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்ட, பையன் ஒருவன் கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டை எடுத்து வந்தபோது உரிமையாளர் அதைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பிளேடும் கரைப்பானும் கொடுத்தார். அந்த வட்டு வேலையைச் சீக்கிரம் முடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது உதிர்க்கும் பொடி ஆயில் வழிகளுக்குள் இறங்கினால் பேரிங்குகளை அரித்துவிடும். முகத்திலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். ஒரு முழுப் பிற்பகல் அந்தப் பையன் பிளேடோடு குனிந்தே இருந்தான்.

ஹெட் சென்ற இடம் அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு லேத் பட்டறை. நானும் உடன் சென்றேன். இந்த அனுபவத்தில் மிகவும் பயனுள்ளதாக இருந்தது அந்தப் பயணம்தான். ஹெட்டைக் கொடுத்தவுடன் அதன் முகத்தைச் சீவி மட்டமாக்கும் ஃபேஸிங் மெஷினில் ஏற்றிவிடுவார்கள் என்று எண்ணியிருந்தேன். அங்கிருந்த பெரியவர் முதலில் வால்வுகளைக் கழற்றி, ஹெட்டைச் சூடான ரசாயனத் தொட்டியில் ஊறவைத்துக் கழுவி, நீர்வழிகளை ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, உள்ளே காற்றழுத்தம் ஏற்றி வெந்நீருக்குள் முக்கினார். விரிசல் இருந்தால் குமிழி வரும். வால்வுகள் பதிந்து மூடும் சீட்டுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பாலம் போன்ற பகுதியில்தான் அது பெரும்பாலும் விழும். “விரிசல் இருந்தா ஃபேஸிங் காசு தண்டம் சார், அதனால இத முதல்ல பாத்துடுவோம்” என்றார். பத்து நிமிடம் மூவரும் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். குமிழி வரவில்லை.

ஃபேஸிங்கில் 0.15 மி.மீ. கழித்தார்கள். வளைவு 0.12தான் எனினும் முகம் முழுவதும் ஒரே சீராக வர அந்தக் கூடுதல் தேவைப்பட்டது. கழிப்பதற்கு முன்னும் பின்னும் ஹெட்டின் உயரத்தை நான்கு மூலைகளிலும் அளந்து ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது; அடுத்த முறை இந்த ஹெட்டைத் திறப்பவருக்கு இன்னும் எவ்வளவு கழிக்கலாம் என்பது அந்தத் தாளிலிருந்து தெரியும். அதிகம் கழித்தால் கம்ப்ரஷன் விகிதம் கூடி எஞ்சின் தட்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் சற்றுக் கீழே இறங்குவதால் அவை திறக்கும் நேரமும் (டைமிங்) துளி பின்தங்கும். இந்த அளவுக்கு இரண்டையும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பன்னிரண்டு வால்வுகளில் எக்ஸாஸ்ட் பக்கத்து ஒன்று விளிம்பில் அரித்துப் போயிருந்தது; வால்வுத் தண்டுகள் ஓடும் கைடுகளில் இரண்டில் ஆட்டம் இருந்தது. அவற்றை மாற்றி, சீட்டுகளை வெட்டி, ஒவ்வொரு வால்வையும் அதனதன் இடத்தில் பேஸ்ட் வைத்துத் தேய்த்துப் பதியவைத்து (லேப்பிங்), எல்லா வால்வுகளுக்கும் புதிய ஆயில் சீல் போட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு ஹெட் தயார் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கடைசியாக ஒரு சோதனை செய்தார். பிளக்குகளை மாட்டி, எரிஅறைகள் மேல்நோக்கி இருக்கும்படி ஹெட்டை வைத்து, ஒவ்வொரு அறையிலும் மண்ணெண்ணெய் ஊற்றினார். கால் மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது பதினொரு வால்வுகளின் பின்புறம் உலர்ந்திருந்தது. மூன்றாவது சிலிண்டரின் ஒரு துவாரத்தில் மட்டும் சுவரை ஒட்டி ஈரம் மின்னியது. வழியக்கூட இல்லை, வெறும் மினுமினுப்பு. நான் என்றால் அதை விட்டிருப்பேன். அவர் ஹெட்டைத் திரும்ப உள்ளே தூக்கிக்கொண்டு, “நாளைக்கு வாங்க” என்று மட்டும் சொன்னார். அம்பத்தூருக்கு மறுநாள் இன்னொரு முறை அலைய வேண்டியிருந்ததில் எரிச்சல் இருந்தது. ஆனால் அந்த வால்வு அப்படியே போயிருந்தால் அதே சிலிண்டருக்காக மீண்டும் ஹெட்டை இறக்க நேர்ந்திருக்கும் என்பதால் அந்த எரிச்சலைக் குறையாக இங்கே எழுத மனம் வரவில்லை.

உதிரிப் பாகங்களை ஜி.பி. ரோட்டுக் கடைகளிலிருந்து வாங்கி, பில்களை என்னிடமே கொடுத்தார்கள். புதுப்பேட்டையில் நல்ல ஹெட் ஒன்று பழையதாகக் கிடைத்தால் இவ்வளவு செலவு எதற்கு என்று நான் கேட்டதற்கு ஷெட் உரிமையாளர் சிரித்தார். கதவு, கண்ணாடி, விளக்கு என்றால் தாமே புதுப்பேட்டைக்கு அனுப்புவதாகவும், ஹெட் மட்டும் எத்தனை முறை ஃபேஸிங் பார்த்தது, எந்த வண்டியில் எப்படிக் கொதித்தது என்பது யாருக்கும் தெரியாது என்பதால் வாங்குவதில்லை என்றும் சொன்னார். ஹெட் போல்ட்டுகளையும் புதிதாகப் போடச் சொன்னார். இறுக்கும்போது இழுபட்டு நீளும் வகைப் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தினால் பிடிப்பு குறைந்துவிடும். அவற்றின் விலையைப் பார்த்து முதலில் தயங்கியது நான்தான்.

இந்த ஷெட்டை நான் மதிப்பதற்கு முதன்மையான காரணம் ஹெட் திரும்பி வந்த பிறகு நடந்தது. மறுநாளே மாட்டிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன், அவர் மாட்டவில்லை. “போனது சரி சார், எதனால போச்சுன்னு தெரியாம மூடுனா ஆறு மாசத்துல திரும்ப இங்கதான் வந்து நிப்பீங்க” என்றார். ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது அடியில் செந்நிறச் சேறு இறங்கியிருந்தது. அதற்கு நான்தான் பொறுப்பு. கூலன்ட் குறையும்போதெல்லாம் வீட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறோம்; எங்கள் தெருவில் அந்தத் தண்ணீர் குடத்திலேயே வெள்ளைப் படலம் விடும். ஆனால் அது மட்டும் இவ்வளவு சூட்டைக் கொடுத்திருக்காது என்று அவர் கருதினார். சூடேறியதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத்தில் கொதிக்கவைத்துப் பார்த்தார், சரியாகத் திறந்தது. ஃபேன் மோட்டாருக்கு நேரடியாக பேட்டரி இணைப்புக் கொடுத்தார், வேகமாகச் சுற்றியது. வேறு எவரும் அத்துடன் நிறுத்தியிருப்பார்கள். அவர் அதைச் சுற்றவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பதினெட்டாவது நிமிடத்தில் ஃபேனின் சத்தம் தாழ்ந்தது. இருபத்தோராவது நிமிடத்தில் நின்றேவிட்டது. மோட்டாரின் உறையை ஒரு ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் மீண்டும் சுற்றும், சிறிது நேரத்தில் நிற்கும். உள்ளே கார்பன் பிரஷ்கள் தேய்ந்து, மோட்டார் சூடானதும் தொடர்பு விட்டுப்போகிறது. ஓடும் வண்டியில் காற்று தானாக வருவதால் இந்தக் குறை தெரியாது. நகராத ஆற்காடு சாலையில், ஏசி ஓடும்போது, ஃபேன் ஒன்றையே எஞ்சின் நம்பியிருக்கும் வேளையில்தான் தெரியும்.

ஃபேன் மோட்டாரையும், ஹெட் திறந்திருக்கும்போதே மாற்றினால் தனிக் கூலி இல்லை என்பதால் டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பாடி (கூலன்டைச் சுழற்றும் பம்ப்) ஆகியவற்றையும் மாற்றினோம். பொருத்தும் முன் பிளாக்கின் போல்ட் துளைகளுக்குள் காற்றடித்து, அடியில் தேங்கியிருந்த கூலன்டை வெளியேற்றினார்கள். அந்த நீரின் மேல் போல்ட்டை இறுக்கினால் அது அமுங்காமல் பிளாக்கையே பிளந்துவிடலாம், அல்லது இறுகாத போல்ட் இறுகியது போலக் காட்டும். கேஸ்கட்டில் எந்தப் பசையும் தடவவில்லை. போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, படிப்படியாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கினார்; ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிறச் சாக்குக் கட்டியால் போல்ட் தலையில் கோடிட்டார். இறுக்கும் அளவுகளை நினைவிலிருந்து சொல்லாமல், எண்ணெய்க் கறை படிந்த ஒரு கையேட்டுப் பக்கத்தின் நகலைப் பார்த்தே செய்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

குறைகளும் உண்டு. முதல் நாள் வாய்வழியாகச் சொன்ன மதிப்பீடு 18,000 ரூபாய். முடிவில் ஆனது 24,500. கூடியதில் பெரும்பகுதி ஃபேன் மோட்டாருக்கும் லேத் வேலைக்கும் சென்றது என்பதையும், ஒவ்வொன்றையும் கேட்ட பிறகே செய்தார்கள் என்பதையும் ஏற்கிறேன். ஆனாலும் ஹெட்டைத் திறப்பதற்கு முன் எவ்வளவு வரை போகக்கூடும் என்று மேல் வரம்பு ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கலாம். நான்கு நாளில் முடியும் என்றது பதினொரு நாள் ஆயிற்று. அதில் இரண்டு நாட்கள் எங்கள் வண்டியை எவரும் தொடவே இல்லை, காரணமும் சொல்லவில்லை. பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை தொலைபேசியை எடுப்பதில்லை. எழுத்து மூலமான உத்தரவாதம் எதுவும் கிடையாது. வண்டியை எடுத்து வந்த அன்றே முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சியபோது அது பானெட்டுக்குள் பீறிட்டது; வாஷர் டியூபை மாட்ட மறந்திருந்தார்கள். மூன்றாவது வாரத்தில் வால்வு கவரின் பின்மூலையில் லேசாக ஆயில் கசிந்தது. போனவுடன் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்கள்.

பில்லில் லேத் பட்டறைக்கு 4,200, ஷெட்டின் கூலி 7,500. மீதி அனைத்தும் பொருட்களுக்கு. கேஸ்கட் செட்டின் விலை 2,400 ரூபாய்தான். இந்த வேலைக்குக் குறைந்த தொகை சொல்லும் கடைகளில் விடுபடுவது லேத் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஹெட்டை அளக்காமல், துடைத்து, புதிய கேஸ்கட் வைத்து மூடினால் பாதிப் பணத்தில் முடித்துவிடலாம். கழற்றிய பொருட்கள் அனைத்தையும் ஒரு சாக்குப் பையில் போட்டுக் காரின் பின்னால் வைத்திருந்தார்கள். டீசல் வண்டிகளை இவர்கள் எடுப்பதில்லை. கேட்டு வந்த ஒருவரை என் கண் முன்னாலேயே வேறிடத்துக்கு அனுப்பினார்கள்.

இப்போது நான்கு மாதங்களில் 3,800 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றியிருக்கிறார்கள். டிக்கியில் அதே கலவை ஒரு லிட்டர் வைத்திருக்கிறேன், இதுவரை திறக்கவில்லை. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மேல் ஹோஸை அமுக்கிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கேஸ்கட் போயிருந்த நாட்களில் இரவு முழுக்க நின்ற பிறகும் விறைத்திருந்த அது, இப்போது விரலுக்கு மெத்தென்று அமுங்குகிறது. சென்ற வாரம் அதே ஆற்காடு சாலையில் நாற்பது நிமிடம் நின்றோம். ஃபேன் ஏழு முறை ஓடி நின்றது. எண்ணிக்கொண்டிருந்தது நான் இல்லை, பக்கத்து இருக்கையில் இருந்த என் மனைவி.